சுண்ணாம்பு போட்ட அப்பிள் சாறு

சிவமயம்

பீல், சுவிற்சர்லாந்து
27.11.1988

அன்பு மகள் ஜெயகௌரிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இடது தோளில் ஒரு பிடிப்பும் விரல் இடுக்குகளில் தண்ணீர்ப் புண்ணும் இருக்கின்றன, மற்றப்படி எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் ரொறன்ரோக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உன்னுடைய ஓகஸ்ட் மாதக் கடிதம் தபாலில் தவறிவிட்டதோ என்று பிறகு இரண்டு முறை எழுதிக் கேட்டிருந்தாய். தவறவில்லை. செப்டெம்பர் முதற் கிழமையே வந்துவிட்டது. வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்தேன். மூன்று மாதமாகப் பதில் எழுதாமல் விட்டது வேலையினால் அல்ல, கோபத்தினால், அதை உனக்கு ஒளிக்க வேண்டியதில்லை. இரவீந்திரனைத்தான் கட்டுவேன், நீங்கள் ஓம் என்றால் ஜனவரி இருபத்தோராம் திகதி பதிவு, நீங்கள் மாட்டேன் என்றால் உங்களை மீறி அவரைக் கட்டமாட்டேன், ஆனால் வேறு ஒருவரையும் கட்டமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அம்மாவும் மானிப்பாயிலிருந்து, அவர் ஓமெண்டால் எனக்கும் ஓம், அவர் மாட்டனெண்டால் என்னட்டை ஒருத்தரும் வரவேண்டாம் என்று எழுதி முழுப் பாரத்தையும் என் தலையில் வைத்துவிட்டார். கிறிஸ்மஸுக்கு முன் பதிவுக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்றாய், ஆகவே இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. பதில் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது, ஆனால் அது எப்படி வந்தது என்று சொல்லாமல் பதிலை மட்டும் எழுதினால் நீ என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வாய். நல்லவனாகிவிட்டேன் என்று நினைப்பாய். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

இரவீந்திரன் என்னிடம் இரசாயனம் படித்தவன், கெட்டிக்காரன், அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் அவன் வேலாயுதத்தின் மகன், வேலாயுதம் எங்கள் பின்வளவுப் பனைகளில் கள்ளுச் சீவியவர், என் அப்பா அவரை வேலன் என்றே கூப்பிட்டார், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், என்னைவிட அவர் நாலு வயது மூப்பு. உனக்கு இது தெரியாததல்ல. தெரிந்துகொண்டுதான் எழுதினாய் என்பதுதான் என் கோபம். ஒக்ரோபர் தொடக்கத்தில் ஜெகதீஸ்வரன் சூரிச்சிலிருந்து நான் வேலை செய்கிற உணவகத்துக்கே ரெலிபோன் எடுத்தான். என்னோடு ஒரே பாடசாலையில் கணிதம் படிப்பித்தவன், எழுபத்தொன்பதில் எனக்கு வரவேண்டிய உப அதிபர் பதவியை அரசியல்வாதி வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போய் வாங்கியவன், இப்போது அங்கே லாங்ஸ்ட்ராச என்கிற தெருவில் மரக்கறியும் வீடியோப் படமும் விற்கிறான், தமிழ்ச் சங்கத்துக்கும் அவனே தலைவர். கனடாப் பக்கம் ஒரு கதை அடிபடுது மாஸ்டர், எனக்கெண்டால் நம்பேலாமல் கிடக்கு, நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் நான் இஞ்சை ஆக்களின்ரை வாயை அடைச்சுப் போடுவன் என்றான். பின்னால் கோப்பைகள் குவிந்து கிடந்தன, சமையற்காரர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன வெங்காயம் வந்துவிட்டதோ என்று கேட்டுவிட்டு ரிசீவரை வைத்துவிட்டேன். அன்றிரவே அறைக்கு வந்து உனக்கு மாட்டேன் என்று எழுதியிருப்பேன், எழுத இருந்தேன், கையில் பேனையும் இருந்தது. அப்போதுதான் கீழே மோசர் கைத்தடியால் கூரையை, அதாவது எங்கள் நிலத்தை, தட்டிக் கூப்பிட்டார்.

மோசர் என்பவர் இந்த வீட்டுக்காரர், எழுபது வயதுக் கமக்காரர். பீலிலிருந்து பஸ்சில் இருபது நிமிடம். மேல்மாடியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் எங்களுக்கு. ஒரு அறையில் நான், மற்றதில் தவராஜா. தவராஜாவைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன், எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அவனும் சீவல்காரரின் மகன்தான், பொன்னாலைப் பக்கம், நாற்பத்தைந்து வயது, பதினாறு வயதிலிருந்து நாட்டைவிட்டு வெளிக்கிடும்வரை தானும் பனை ஏறியவன். அகதி முகாமிலிருந்து எங்களை இந்த வீட்டுக்கு அனுப்பிய அதிகாரிகளுக்கு இரண்டு பேரும் இலங்கைத் தமிழர் என்பது மட்டும்தான் தெரியும், அதற்கு மேல் அவர்களுக்கு ஏன் தெரிய வேண்டும். இரண்டு வருடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை. குசினியில் மேல் தட்டு எனக்கு, கீழ்த் தட்டு அவனுக்கு. என்னுடைய எவர்சில்வர் தம்ளரை அவன் தொட்டதில்லை. நான் சமைத்தால் அவனும் சாப்பிடுவான், அவன் சமைத்தால் எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு நான் பாண் சாப்பிடுவேன். வேலையும் ஒரே உணவகத்தில்தான். இரண்டு பேரும் ஒரே நாளில் கோப்பை கழுவச் சேர்ந்தோம், ஆறாம் மாதம் அவனை அடுப்படிக்கு எடுத்தார்கள், விஞ்ஞானப் பட்டதாரியான நான் இன்னும் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நிற்கிறேன். அதையும் நான் மறக்கவில்லை.

மோசர் கூப்பிட்டது அப்பிள் விஷயமாக. வீட்டுக்குப் பின்னால் பதினொரு மரங்கள் நிற்கின்றன, ஏணி வைத்து ஏறுகிற உயர மரங்கள். அவருக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துபோய் இந்த வருடம் ஏற முடியவில்லை, மகன் பேர்னில் உத்தியோகம், வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி வரவில்லை. பிள்ளைகள் எட்டிப் பாராத தகப்பனைக் கண்டால் எனக்கு அனுதாபம் வருவதில்லை, இவர் பிள்ளையிடம் எப்படி நடந்தாரோ என்றுதான் முதலில் யோசிப்பேன். அதை உனக்கு எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. அவர் கேட்டது இதுதான்: ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிடுங்கித் தாருங்கள், நான் சாறு பிழிந்து பீப்பாவில் விடுவேன், உங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஐம்பது லீற்றர். இங்கே அந்தச் சாற்றை மோஸ்ட் என்கிறார்கள். புளிக்க விட்டால் அது மது, எங்கள் கள்ளு மாதிரி, கள்ளைவிடக் கொஞ்சம் கடுமை. புளிக்க விடாமல் காய்ச்சி அடைத்தால் சிறுபிள்ளையும் குடிக்கிற இனிப்புச் சாறு. நான் மது தொடாதவன் என்பதால் இனிப்பாகத்தான் வேண்டும் என்றேன். அதற்குத் தன்னிடம் பெரிய கிடாரமும் வெப்பமானியும் இருக்கிறது, எழுபத்தைந்து பாகைக்குச் சூடாக்கிப் போத்தலில் அடைக்க வேண்டும், நாள் முழுக்கச் செல்லும் என்றார் மோசர்.

முதல் ஞாயிறு தவராஜா ஏணியை எடுக்காமலே ஏறினான். மோசர் கீழே நின்று, பூனை, பூனை என்று தன் பாஷையில் சொல்லிக் கைதட்டினார். தவராஜா உச்சிக் கொப்பில் காலை ஆட்டிக்கொண்டு இருந்து, கொப்பு இருக்கிற மரமும் ஒரு மரமே மாஸ்டர், இது கதிரையில இருக்கிற மாதிரியெல்லோ என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. நான் கீழே நின்று பொறுக்கினேன், அழுகல் வேறு, நல்லது வேறு. போனப்பெல் என்று ஒரு வகை, கல்லு மாதிரி, கடித்தால் பல்லுக் கூசும், அதுதான் மோஸ்டுக்கு நல்லதாம், இனிப்புப் பழம் மட்டும் போட்டால் சாறு நிற்காது என்றார் மோசர். பன்னிரண்டு சாக்கு வந்தது. உடனே பிழியக் கூடாது, மாட்டுக் கொட்டிலில் வைக்கோலைப் பரப்பி இரண்டு கிழமை கிடக்க விட வேண்டும், பெருவிரலால் அமத்தினால் பள்ளம் விழ வேண்டும். பிறகு கழுவி, கையால் சுற்றுகிற ஆலையில் அரைத்து, அந்தக் கூழை மரச் சட்டம் போட்ட கூடைக்குள் கொட்டி மேலிருந்து திருகாணியை இறுக்குவது. முதலில் தானாக ஒழுகும், பிறகு ஒவ்வொரு திருகலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அவசரப்பட்டு இறுக்கினால் கூழ் பக்கத்தால் பிதுங்கிவிடும், நான் இரண்டு முறை அப்படிச் செய்து திட்டு வாங்கினேன். பீப்பாவுக்குள் மோசர் கந்தகத் திரி ஒன்றைக் கொளுத்தித் தொங்கவிட்டு மூடினார், அது என்ன வாயு, ஏன் கிருமி சாகிறது என்று நான் எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் சொன்னேன், அவர் தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு மரியாதை வைத்தார். நாலு வருடத்தில் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அந்தத் தொப்பிதான் எனக்குத் தலைக்கனம் ஏற்றியது என்று இப்போது தெரிகிறது.

ஏனென்றால் அதற்குப் பிறகுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். நாள் முழுக்கக் கிடாரத்தடியில் நிற்பானேன், கள்ளு முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் கருப்பணியாக இனித்துக்கொண்டு கிடக்கிறதே, அதே முறையை இங்கே செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. மோசர் மரத்தண்டுகளுக்குப் பூச வைத்திருந்த நீற்றிய சுண்ணாம்பு ஒரு வாளி கொட்டிலில் இருந்தது. என் பங்கு ஐம்பது லீற்றர், கூடை பின்னிய பெரிய கண்ணாடிக் குப்பியில். அளவாகக் கலக்கினேன். மோசர் உள்ளே போய்விட்டார். தவராஜா பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மாஸ்டர், அது பனைக்குத்தான் சரி, இது புளிச் சாமான், சுண்ணாம்பைத் திண்டுபோட்டுத் தன்ரை பாட்டிலை நுரைக்கும், விடாதேங்கோ என்றான். நான் இருபத்திரண்டு வருசம் இரசாயனம் படிப்பிச்சனான் தவராஜா, நீர் முட்டி கழுவின ஆள் என்றேன். ஓம் மாஸ்டர், முட்டிதான் கழுவினனான், அதாலைதான் சொல்லுறன் என்று சொல்லிவிட்டுத் தன் குப்பியைத் தூக்கிக்கொண்டு போனான்.

பனஞ்சாற்றில் புளிப்பு இல்லை, அங்கே சுண்ணாம்புக்கு வேறு வேலை இல்லை, கிருமியை அடக்கிக்கொண்டு கிடக்கும். அப்பிளில் அமிலம் நிறைய. அமிலமும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று தின்று தீர்த்தால் மிஞ்சுவது சீனித் தண்ணீர், எந்தக் கிருமிக்கும் கல்யாண வீடு. இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். சொன்னவன் வேறு யாராவது என்றால் நான் பாசிச்சாயத் தாள் ஒரு துண்டைத் தோய்த்தாவது பார்த்திருப்பேன். தவராஜா சொன்னதால் பார்க்கவில்லை. இதுதான் நடந்தது, இதற்கு வேறு விளக்கம் இல்லை.

மூன்றாம் நாள் சாறு செம்மண் வெள்ளம் மாதிரிக் கறுத்தது. தொட்டு நாக்கில் வைத்தேன், சவர்க்காரம். எட்டாம் நாள் வேலையால் வந்தபோது கெல்லர் என்கிற நிலவறையின் படியில் காலை வைக்கவே நாற்றம் மூக்கில் அடித்தது, அழுகின கோவா இலை மாதிரி. குப்பியைக் காணவில்லை. தவராஜா அதைப் பின்னால் எருக் கும்பியில் ஊற்றி, மேலே சக்கை போட்டு மூடி, குப்பியைச் சோடாத்தூள் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான். மோசர் காணுறதுக்கு முன்னம் ஊத்திப்போட்டன் மாஸ்டர், அந்தாள் உங்களைப் பெரிய விஞ்ஞானி எண்டெல்லோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியுது என்றான். பிறகு மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய் இருபது போத்தல் காட்டினான். தன் பங்கிலிருந்து எடுத்து, பிழிந்த அன்றைக்கே கிடாரத்தில் காய்ச்சி எனக்கென்று அடைத்து வைத்தது. அதாவது என் சாறு பழுதாகும் என்று அவனுக்கு முதல் நாளே நிச்சயம், அதைக் காட்டி என்னை மடக்காமல் எட்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறான். எனக்கு நன்றி வரவில்லை மகள், ஆத்திரம்தான் வந்தது. போத்தல்களைக் கொண்டுபோய் மேல் தட்டில் அடுக்கினேன், ஒன்றையும் திறக்கவில்லை.

போன சனிக்கு முதற் சனி, பீப்பா மோஸ்ட் அடங்கித் தெளிந்துவிட்டது என்று மோசர் எங்களைக் கெல்லருக்குக் கூப்பிட்டார். இங்கே ஒரு வழக்கம், பீப்பாவடியில் ஒரு கண்ணாடிக் கிளாஸ்தான் இருக்கும். வீட்டுக்காரர் பிடித்து ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார், அவர் குடித்துவிட்டு அடுத்தவரிடம், அப்படிச் சுற்றி வரும், மேசையில் வேறு கிளாஸ் வைப்பது மரியாதைக் குறைவு. மோசர் பிடித்தார், வெளிச்சத்தில் பார்த்தார், குடித்தார், தலையை ஆட்டினார். தவராஜாவிடம் கொடுத்தார். தவராஜா குடித்தான். குடித்துவிட்டு எனக்கு நீட்டவில்லை. விளிம்பைத் தன் லேஞ்சியால் துடைத்து மோசரிடமே திருப்பிக் கொடுத்தான். மோசருக்கு விளங்கவில்லை, அந்த மிச்சத்தை அப்படியே எனக்கு நீட்டினார். நான் மது குடிப்பதில்லை என்றேன். ஒரு வாய் மட்டும், மரத்தடியில் பொறுக்கினவன் பீப்பாவடியில் குடிக்க வேண்டும் என்றார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கையை எடுக்கவில்லை. நான் மது குடிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் மகள், அந்த நேரம் நான் மதுவைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்த விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது தவராஜா தன்னுடைய உடைந்த ஜேர்மனில், மாஸ்டருக்கு மாகன் நிக்ஸ் குட், வயிறு சரியில்லை என்று சொல்லி, மோசரின் கையிலிருந்த கிளாஸைத் தான் வாங்கி மிச்சத்தைக் குடித்து முடித்தான். மோசர் என் முதுகில் தட்டி, பாவம், சோம்புத் தேநீர் குடி என்றார்.

வயிறு சரியில்லை என்பது நான் குசினியில் இரண்டு வருடமாகச் சொல்லிவந்த சொல். அவன் அதை நம்பிக்கொண்டிருக்கிறான் என்று நான் நினைத்திருந்தேன். மேல் தட்டு கீழ்த் தட்டு என்பதெல்லாம் நான் சாமர்த்தியமாகச் சத்தமில்லாமல் செய்த ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். அவன் முதல் நாளே கண்டு, எனக்கு வெட்கம் வராதபடி தானே விலகி நடந்து, இப்போது ஒரு வெளிநாட்டுக் கிழவனுக்கு முன்னாலும் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். ஒருவன் என்னை அவமதித்தால் எனக்கு அதை எப்படி வைத்திருப்பது என்று தெரியும், ஜெகதீஸ்வரனுடையதை ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன். இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது பஸ்சில் அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன், வழக்கமாக முன் இருக்கையில் தனியாக இருப்பேன். ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்டேன். பின்னை என்னத்தைச் சொல்லுறது மாஸ்டர், எங்கடை ஊர்க் கதையை அந்த மனிசனுக்கு நான் எந்தப் பாஷையிலை விளங்கப்படுத்திறது, எனக்குத் தெரிஞ்சது பத்து வார்த்தை, அதிலை நாலு கிழங்கும் வெங்காயமும் என்றான். சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தான். பிறகு, நாங்கள் மூண்டு பேர், ஒருத்தருக்கும் வெட்கம் வராத மறுமொழி அது ஒண்டுதான் கிடந்தது என்றும் சொன்னான்.

அன்றைக்கும் அடுத்த நாளும் கோப்பை கழுவும்போதெல்லாம் உன் கடிதம்தான். உன் கடிதத்தில் ஒரு வரி, எனக்கு நேரிலே வந்து கேட்க வழியில்லை, நீங்கள் எழுதுவதை எழுதுங்கள், ஆனால் நான் ஏன் என்று கேட்டால் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடிய ஒரு காரணமாக எழுதுங்கள் என்று. மாட்டேன் என்பதற்கு அப்படி ஒரு காரணத்தைத் தேடிப் பார்த்தேன். படிப்பு, அவனுக்கு உன்னைவிடக் கூட. குணம், நாலு வருடம் என் வகுப்பில் இருந்தவன், எனக்குத் தெரியும். வயது, வேலை, பழக்கவழக்கம், ஒன்றிலும் கை வைக்க இடமில்லை. மிஞ்சியது ஒன்றுதான், அதை மோசருக்குச் சொல்ல அந்தக் கெல்லரில் எனக்கும் ஒரு பாஷை இருக்கவில்லை. தவராஜாவைவிட எனக்குப் பத்து மடங்கு ஜேர்மன் தெரியும்.

ஆகவே என் பதில் ஓம். ஜனவரி இருபத்தோராம் திகதியே பதிவை வையுங்கள். அம்மாவுக்கும் இன்று தனியாக எழுதிவிட்டேன், இந்தியப் படை நிற்கிறபடியால் தபால் எப்படிப் போகுமோ தெரியாது, ஆகவே கொழும்பில் சிறீதரனின் விலாசத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன், அவர் ஆள் மூலம் கொடுத்துவிடுவார். அம்மா அழுதால் அழட்டும், நீ பதில் எழுதும்போது அழாதே, இரண்டு பேரும் அழுதால் கடிதத்தில் விஷயம் இருக்காது. நான் மாறிவிட்டேன் என்று இரவீந்திரனிடம் சொல்லாதே. ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் எவ்வளவு மாறுவான். வியாழக்கிழமை தவராஜா கறி வைத்தான், நான் சாப்பிட்டேன், தொண்டையில் முதல் வாய் இறங்க நேரம் எடுத்தது, அதையும் எழுதிவைக்கிறேன். அன்று சாப்பிட்டு முடிந்ததும் உன் கல்யாண விஷயத்தை அவனிடம் சொன்னேன், மாப்பிள்ளை இன்னாருடைய மகன் என்றும் சொன்னேன். சந்தோசப்படுவான் என்று நினைத்தேன். அவன் கோப்பையைக் கழுவிக்கொண்டே, ஏன் மாஸ்டர் எனக்குச் சொல்லுறியள், அந்தப் பொடியன் ஆரெண்டே எனக்குத் தெரியாது, பனை ஏறினவை எல்லாரும் ஒரு வீட்டுப் பிள்ளையளோ என்றான். பிறகு, பிள்ளை நல்லாயிருக்கட்டும் என்றான், அதை நல்ல மனதோடுதான் சொன்னான். நான் சொன்னதிலும் பிழை இருந்தது. இப்படி இன்னும் எத்தனை பிழை விடுவேனோ தெரியாது, இரவீந்திரனிடமும் விடுவேன், அவன் பொறுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, பொறுக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லட்டும்.

என்னால் வர முடியாது. அகதி மனு இன்னும் பேர்னில் கிடக்கிறது, முடிவு வருமுன் வெளியே போனால் திரும்பி உள்ளே வர விடமாட்டார்கள். தாலியை யாருடைய கையால் எடுத்துக் கொடுப்பது என்று நீ யோசிப்பாய், அங்கே சிவமலர் அக்காவும் அத்தானும் இருக்கிறார்கள், அவர்களைக் கேள். சேலை வாங்கும்போது மலிவைப் பாராதே. ஜெகதீஸ்வரனுக்கு நானே ரெலிபோன் எடுத்துச் சொல்லுவேன், அந்தச் சந்தோசத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. வேலைக்குப் போகும்போது காதை மூடிக் கட்டு, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுக்குள் குத்து வரும்.

இன்னொன்று. நம் பக்கத்து முறைப்படி பெண்ணின் தகப்பன்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அவர்கள் தருவதை வாங்கிச் சாப்பிட்டு, பிள்ளையைத் தாருங்கள் என்று கேட்க வேண்டும். வேலாயுதம் வீட்டு வாசலில் நான் ஒரு நாளும் ஏறியதில்லை, அவர் எங்கள் வீட்டில் கிணற்றடிக்கு இந்தப் பக்கம் வந்ததில்லை. போவதற்கு இப்போது வழியும் இல்லை. ஆகவே அவருக்கு எழுதிய கடிதம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், இரவீந்திரன் தன் கடிதத்தோடு சேர்த்து அனுப்பட்டும். அவருக்கு வாசிக்கத் தெரியாது, அவருடைய மகள் வாசித்துக் காட்டுவாள், அதனால் பெரிய எழுத்தில், சுருக்கமாக எழுதியிருக்கிறேன். ஒட்டவில்லை, நீ முதலில் வாசி. அதில் மன்னிப்பு என்ற சொல் இல்லை, எழுதிப் பார்த்தேன், நாடகம் மாதிரி இருந்தது, வெட்டிவிட்டேன். உங்கள் மகனை என் மகளுக்குத் தருவீர்களா என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் யோசித்துச் சொல்லலாம், மாட்டேன் என்று சொல்லவும் உங்களுக்கு நியாயம் உண்டு, சொன்னால் நான் குறை நினைக்கமாட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். அவர் அப்படிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நீ பயப்படுவாய். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. பதிவுக்காரருக்குத் திகதியைச் சொல்லிவை, ஆனால் அவருடைய பதில் வரும்வரை நீயும் நானும் காத்திருப்போம்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து வாழப் பிள்ளையாரை வேண்டி ஆசீர்வதிக்கிறேன். கிடைத்ததும் இரண்டு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. தில்லைநாதன்